ஒரே தொகையா? கையெழுத்துப் போடுமுன் கணக்குப் பாருங்கள்!

ஆஸ்பத்திரி வார்டில் கட்டுப் போட்ட கையோடு படுத்திருப்பவரைப் பார்க்க இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ மேஸ்திரி வருவார். கையில் ஆரஞ்சுப் பழம் இருக்கும். சட்டைப் பையில் நாலாக மடித்த ஸ்டாம்புப் பேப்பர் இருக்கும்.

"தம்பி, முதலாளி நல்ல மனுசர். ஆஸ்பத்திரிச் செலவெல்லாம் அவர்தான் பார்த்தார். அதற்கு மேலே ஒரு லட்சம் ரொக்கமாகத் தருகிறேன் என்கிறார். கேஸ், கோர்ட்டு என்று போனால் பத்து வருஷம் இழுக்கும். வக்கீலுக்கே பாதி போய்விடும். வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய் ஒரு பெட்டிக் கடை வைத்துப் பிழைத்துக்கொள்."

பேப்பரில் இருப்பது கன்னடம். கன்னடம் பேசத் தெரிந்தவருக்கும் படிக்கத் தெரியாது. கீழே கையெழுத்துப் போடும் இடம் மட்டும் பென்சிலால் புள்ளி வைத்துக் காட்டப்பட்டிருக்கும். கையெழுத்து ஆனதும் ஆளை மாலை தூத்துக்குடி எக்ஸ்பிரசில் ஏற்றி அனுப்பி விட்டால், முதலாளிக்கு விஷயம் முடிந்தது.

ஹெப்பாள், மேட்டகள்ளி, ஹூட்டகள்ளி தொழிற்பேட்டைகளிலும், நஞ்சன்கூடு பக்கத்திலும், எழும்பிக்கொண்டே இருக்கும் கட்டிடங்களிலும் வேலை செய்கிற தமிழர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. வாங்குவதா, வேண்டாம் என்பதா? வாங்கு என்று மச்சான் சொல்வார். வாங்காதே என்று யூனியன்காரர் சொல்வார். இருவருமே கணக்குப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

எனவே முதலில் கணக்கு.

ஓர் உதாரணம்

ஒரு மர அறுவை மில் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். வயது 35. மாதச் சம்பளம் 18 ஆயிரம் ரூபாய். ஈ.எஸ்.ஐ. கார்டு இல்லை. 2025 ஜூன் மாதம் வாளில் சிக்கி வலது கைப் பெருவிரல் முழுவதும் போய் விட்டது என்று வைத்துக்கொள்வோம்.

1923ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டத்தில் இதற்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. அந்தச் சட்டம் 2010ஆம் ஆண்டு முதல் ஊழியர் நஷ்ட ஈட்டுச் சட்டம் என்று பெயர் மாறியது. சாவு நேர்ந்தால் மாதச் சம்பளத்தில் 50 சதவீதத்தை வயதுக்கான ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். முழு நிரந்தர ஊனமானால் 60 சதவீதத்தைப் பெருக்க வேண்டும். வயது ஏற ஏற அந்த எண் குறையும். 25 வயதுக்கு 216.91. 35க்கு 197.06. 45க்கு 169.44. 55க்கு 135.56.

சம்பளம் எவ்வளவு இருந்தாலும் கணக்கில் 15 ஆயிரம் வரைதான் எடுப்பார்கள். 2020 ஜனவரியில் இந்த வரம்பு வந்தது. அதற்கு முன் பத்து வருடம் 8 ஆயிரமாக இருந்தது.

நமது மில் தொழிலாளிக்கு 15 ஆயிரத்தில் 60 சதவீதம் 9 ஆயிரம். அதை 197.06ஆல் பெருக்கினால் ரூ.17,73,540. இது முழு ஊனத்துக்கு உரிய தொகை. பெருவிரல் போனால் 30 சதவீத ஊனம் என்று சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. 30 சதவீதம் போட்டால் ரூ.5,32,062.

முதலாளி பெரிய மனது பண்ணித் தரும் ஒரு லட்சம் இதில் ஐந்தில் ஒரு பங்கு கூட இல்லை.

ஆஸ்பத்திரிச் செலவையும் முதலாளி சொல்லிக் காட்டத் தேவையில்லை. வேலையில் பட்ட காயத்துக்கான வைத்தியச் செலவு நஷ்ட ஈட்டுக்கு மேல் தனியாக அவர் தலையில் விழுவது. 2010 முதல் சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. அதை நஷ்ட ஈட்டில் கழிக்க முடியாது.

"நீ கவனமில்லாமல் கையை விட்டாய், அதனால் ஒன்றும் கிடையாது" என்று மிரட்டுவதும் உண்டு. கவனக் குறைவு ஒரு காரணமே அல்ல. குடித்திருந்தாலோ, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியிருந்தாலோ, இயந்திரத்தின் தடுப்பை வேண்டுமென்றே கழற்றியிருந்தாலோதான் முதலாளி தப்பலாம். அதுவும் சாவு, முழு ஊனம் இரண்டிலும் செல்லாது.

கை இல்லாத தச்சர்

அட்டவணையில் உள்ள சதவீதம்தான் முடிவா? இல்லை. இதற்கு ஒரு பழைய வழக்கு இருக்கிறது. நாடு முழுவதும் நஷ்ட ஈட்டு வழக்குகளில் இன்றும் அதை எடுத்துக் காட்டுகிறார்கள்.

1968 ஜூலை 6ஆம் தேதி, ஒரு சினிமா தியேட்டரில் அலங்கார மர வேலை செய்துகொண்டிருந்த தச்சர் ஒருவர் கீழே விழுந்தார். இடது கையை முழங்கைக்கு மேலே எடுக்க வேண்டியதாயிற்று. நஷ்ட ஈட்டுக் கமிஷனர் அதை முழு ஊனம் என்று எடுத்துக்கொண்டு, 1969 மே மாதம் ரூ.9,800 கொடுக்கச் சொன்னார். தாமதத்துக்காக அதில் பாதி அபராதம், 6 சதவீத வட்டி எல்லாம் சேர்ந்து ரூ.15,092 ஆனது.

முதலாளி ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு கைதானே போயிற்று, அட்டவணைப்படி அது பகுதி ஊனம்தானே என்று வாதாடி உச்ச நீதிமன்றம் வரை போனார். 1975 டிசம்பர் 4ஆம் தேதி தீர்ப்பு வந்தது. தச்சு வேலையை ஒரு கையால் செய்ய முடியாது, ஆகவே அந்தத் தொழிலாளிக்கு அது முழு ஊனம்தான் என்று நீதிபதிகள் சொன்னார்கள். விபத்து நடந்த உடனேயே பணம் கொடுக்கும் கடமை வந்து விடுகிறது என்றும் சொன்னார்கள்.

எந்த உறுப்பு போயிற்று என்பது ஒரு கணக்கு. அதனால் எந்த வேலை போயிற்று என்பது இன்னொரு கணக்கு. பெருவிரல் போன ஆபீஸ் பியூனும் பெருவிரல் போன தச்சரும் ஒன்றல்ல. காலில் பலத்த முறிவு ஏற்பட்டு இனி லாரி ஓட்டவே முடியாது என்றான ஒரு கர்நாடக டிரைவரின் வழக்கிலும் 2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதையே பின்பற்றியது. டாக்டர் கொடுத்த சதவீதம் குறைவு. ஆனால் டிரைவர் என்ற முறையில் அவர் இழந்தது முழுவதும்.

ஆகவே "உனக்கு 30 பர்சென்ட்தான்" என்று யாராவது சொன்னால், அந்தக் கையை வைத்துக்கொண்டு பழைய வேலையைச் செய்ய முடியுமா என்று திருப்பிக் கேட்க வேண்டும். நமது மில் தொழிலாளியின் விஷயத்தில் ரூ.5,32,062 கீழ்ப்படி. அவர் நிலைமையைப் பொறுத்து அது மேலே போக இடமிருக்கிறது.

அந்தத் தச்சருக்கு ஏழு வருடம் ஆனது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. மேஸ்திரி சொல்வதில் அந்த ஒரு பகுதி உண்மைதான். ஆனால் தாமதத்துக்கு விலை உண்டு. ஒரு மாதத்துக்குள் பணம் கொடுக்காத முதலாளிக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. விபத்து நடந்த நாளிலிருந்தே அது கணக்காகும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் தெளிவாக்கியது. நமது உதாரணத்தில் வருடத்துக்கு ரூ.63,847 வருகிறது. தக்க காரணமில்லாமல் இழுத்தடித்தால் அசலில் பாதி வரை அபராதமும் போடலாம்.

பதிவு இல்லாத பேப்பர்

இப்போது அந்த ஸ்டாம்புப் பேப்பருக்கு வருவோம்.

நிரந்தர ஊனத்துக்கு ஒரே தொகையாகப் பேசி முடித்தால், அந்த ஒப்பந்தத்தின் குறிப்பை முதலாளி கமிஷனருக்கு அனுப்பிப் பதிவு செய்ய வேண்டும். தொகை போதாது என்று பட்டாலும், ஏமாற்றியோ நெருக்கியோ வாங்கிய கையெழுத்து என்று தெரிந்தாலும் கமிஷனர் பதிவு செய்ய மறுக்கலாம்.

பதிவுக்கே அனுப்பாமல் வைத்திருந்தால் என்ன ஆகும்? முதலாளி சட்டப்படியான முழுத் தொகையையும் கொடுக்கக் கடமைப்பட்டவர். ஏற்கெனவே கொடுத்ததில் பாதிக்கு மேல், கமிஷனர் வேறு விதமாக உத்தரவிட்டால் தவிர, கழித்துக்கொள்ளவும் முடியாது. இந்த ஒரு விதியைத் தெரியாமல்தான் பலர் ஊருக்குப் போய் உட்கார்ந்து விடுகிறார்கள்.

நமது தொழிலாளி அந்த ஒரு லட்சத்தை வாங்கிச் செலவும் செய்து விட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அதற்காகக் கதவு மூடிவிடவில்லை. ரூ.5,32,062இல் 50 ஆயிரத்தைக் கழித்து, மீதி ரூ.4,82,062 கேட்டு அவர் மனுப் போடலாம். "இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்" என்று எழுதிக் கொடுத்திருந்தாலும், நஷ்ட ஈட்டை விட்டுக் கொடுக்கும் அப்படிப்பட்ட ஒப்பந்தம் செல்லாது.

சாவு நேர்ந்த குடும்பத்துக்கு இன்னும் கண்டிப்பான விதி. நஷ்ட ஈட்டைக் கமிஷனரிடம்தான் கட்ட வேண்டும். பெண் தொழிலாளிக்கு உரிய ஒரே தொகையும் அப்படித்தான். வீட்டுக்கு வந்து மனைவியின் கையில் நோட்டுக் கட்டைக் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டால் அது நஷ்ட ஈடு கொடுத்ததாகாது.

மேஸ்திரியின் கீழ் வேலை செய்தவர்கள், மேஸ்திரி ஓடிவிட்டால் யாரைக் கேட்பது என்று திகைக்கிறார்கள். கம்பெனி தன் தொழிலின் ஒரு பகுதியைக் காண்டிராக்டில் விட்டிருந்தால், கம்பெனியையே கேட்கலாம். அது காண்டிராக்டரிடம் வசூலித்துக்கொள்வது அவர்கள் இருவர் பாடு.

மொழி விஷயத்திலும் ஒரு விதி உண்டு. வேலைக்குச் சேரும்போதே நஷ்ட ஈட்டு உரிமையை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 2017இல் சட்டத்தில் சேர்த்தார்கள். ஆங்கிலம், இந்தி, அந்த வட்டாரத்து ஆட்சி மொழி, இவற்றில் தொழிலாளிக்குப் புரிவதில் இருக்க வேண்டுமாம். மைசூரில் மூன்றும் புரியாத தமிழன் என்ன செய்வது என்று சட்டம் சொல்லவில்லை. தெரிந்த ஒரு குமாஸ்தாவிடம் பேப்பரைக் காட்டிப் படிக்கச் சொல்வதுதான் வழி.

ஈ.எஸ்.ஐ. உள்ளவர்கள்

மாதம் 21 ஆயிரம் வரை சம்பளம் வாங்கி ஈ.எஸ்.ஐ.யில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கே வேறு. அவர்கள் முதலாளியிடம் நஷ்ட ஈட்டுச் சட்டப்படி ஒரே தொகை கேட்க முடியாது. 1996இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்திருக்கிறது. பதிலாக, மெடிக்கல் போர்டு தீர்மானிக்கும் ஊன சதவீதப்படி ஆயுள் முழுவதும் மாதா மாதம் பணம் வரும்.

அதே பெருவிரல், அதே 18 ஆயிரம் சம்பளம். நாள் கூலி 600 ரூபாய் என்றால் அதில் 90 சதவீதம் 540. அதில் 30 சதவீதம் 162 ரூபாய். மாதம் சுமார் ரூ.4,860. ஒன்பது வருடத்தில் இது அந்த ரூ.5,32,062ஐ எட்டிவிடும். 35 வயதுக்காரர் அதற்குப் பிறகும் வாழ்நாள் முழுக்க வாங்குவார். வேறு வேலை செய்து சம்பாதித்தாலும் நிற்காது.

இப்படி வருவதை மொத்தமாக மாற்றிக்கொள்ளத் தினசரித் தொகை மிகச் சிறியதாக இருந்தால் மட்டுமே அனுமதி. அதில் பலர் குறைப்படுகிறார்கள். மொத்தமாக வந்தால் தங்கை கல்யாணம் முடியும், சீட்டுக் கடன் அடையும் என்று நினைப்பது இயற்கை. ஆனால் மொத்தமாக வாங்கியவர்கள் வீட்டில் அந்தப் பணம் எத்தனை மாதம் நின்றது என்று விசாரித்துப் பார்த்தால், மாதா மாதம் வருவதன் அருமை விளங்கும்.

முதலாளி சந்தா கட்டாமல் ஏமாற்றியிருந்தாலும் ஈ.எஸ்.ஐ. உரிமை போகாது. "உன் பெயர் சேர்க்கவில்லை, அதனால் இதை வாங்கிக்கொள்" என்று சொன்னால், முதலில் ஈ.எஸ்.ஐ. ஆபீசுக்குப் போய்க் கேட்க வேண்டும்.

கொடைக்கானலில் 591 பேர்

கை போனால் கண்ணுக்குத் தெரியும். உள்ளே போனது தெரியாது. அப்படிப்பட்டவர்கள் முன் தொகை வைக்கப்பட்டால் முடிவு இன்னும் கஷ்டம்.

கோலார் தங்கவயல் சுரங்கத்தில் வேலை செய்த தமிழர்களுக்கு இது தெரியும். பாறைத் தூசு நுரையீரலில் படிந்து வரும் சிலிகோசிஸ் நோய், 1940களில் அங்கு பரிசோதிக்கப்பட்டவர்களில் பத்துக்கு நாலு பேருக்கு மேல் இருந்தது. இறங்கிய அன்றே வருவதில்லை, வருடங்கள் கழித்து மூச்சு வாங்கும்போதுதான் தெரியும். சுரங்கம் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது. தூசு நோய் வரக்கூடிய வேலையிலிருந்து கணக்குத் தீர்த்துக்கொண்டு போகிறவர், போகுமுன் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

கொடைக்கானலில் நடந்தது இன்னொரு விதம். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்திலிருந்து பெயர்த்துக் கொண்டு வரப்பட்ட பாதரசத் தெர்மாமீட்டர் தொழிற்சாலை 1980களில் அங்கே தொடங்கியது. பின்னர் இந்துஸ்தான் லீவர் வசம் வந்தது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு ஊருக்குள் பழைய இரும்புக் கடையில் கிடந்தது தெரிந்து, 2001 மார்ச்சில் ஆலை மூடப்பட்டது. உடம்பு கெட்டுப் போனது என்று முன்னாள் தொழிலாளர்கள் 2006இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். எங்கள் ஆலையால் யாருக்கும் நோய் வரவில்லை என்பதே கம்பெனியின் நிலை.

2016 மார்ச்சில் சமரசம் ஏற்பட்டது. 591 முன்னாள் தொழிலாளர்களுக்கும் குடும்பங்களுக்கும் மனிதாபிமான அடிப்படையில் உதவித் தொகை என்று கம்பெனி சொன்னது. எவ்வளவு என்பது வெளியிடப்படவில்லை. நஷ்ட ஈடு என்ற பெயரும் இல்லை, குற்றம் ஒப்புக்கொள்ளவும் இல்லை.

ஏற்றது சரியா? ஆலை மூடிப் பதினைந்து வருடம் ஆகிவிட்டது. நோய்க்கும் பாதரசத்துக்கும் உள்ள தொடர்பை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே நிரூபிப்பது லேசான காரியமல்ல. அந்த நிலையில் சங்கமாகச் சேர்ந்து, நீதிமன்றத்தின் முன் ஏற்றுக்கொண்டார்கள். தனித்தனியாக வீட்டு வாசலில் வாங்கியிருந்தால் இந்த அளவுக்குக் கூட வந்திருக்குமா என்பது சந்தேகம்.

எப்போது வாங்கலாம்?

ஆக, சமரசமே கூடாது என்பதில்லை. கமிஷனர் முன்னால் வைத்து, மேலே சொன்ன கணக்குக்கு அருகில் ஒரு தொகை உடனே கிடைக்குமானால் வாங்குவதில் தப்பில்லை. நமது மில் தொழிலாளிக்கு ஐந்து லட்சம் கையில் வருகிறது, இன்ஷூரன்ஸ் கம்பெனி அடுத்த மாதமே செக் தருகிறது என்றால், இன்னும் சில ஆயிரத்துக்காக அப்பீல் வரை அலைவது வீண். மூன்று லட்சம் என்றால் காத்திருப்பதுதான் கணக்கு. வட்டி ஏறிக்கொண்டே இருக்கிறது.

சிகிச்சை முடியாமல் எந்தத் தொகைக்கும் சம்மதிக்கக் கூடாது. விரல் மட்டும்தான் போனது என்று நினைத்திருக்கும்போது மணிக்கட்டு மடங்காமல் போகலாம். டாக்டர் ஊன சர்ட்டிபிகேட் எழுதிய பிறகுதான் பேச்சு. அதுவரை வீட்டுச் செலவுக்கு என்ன செய்வது என்றால், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 25 சதவீதம் அரை மாதத்துக்கு ஒரு தடவை கொடுக்கவும் சட்டத்தில் இடமிருக்கிறது.

லோக் அதாலத்தில் சமரசம் செய்தால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. நீதிபதி முன்னால் நடப்பதால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தலையாட்டி விடக் கூடாது.

வரப்போகும் நஷ்ட ஈட்டுத் தொகையைக் கடன்காரர் ஜப்தி செய்ய முடியாது, முன்கூட்டி எழுதி வாங்கவும் முடியாது. கந்து வட்டிக்காரர் ஆஸ்பத்திரிக்கே வந்து "அந்தப் பணத்தை என் பேருக்கு எழுதிக் கொடு" என்றால், அந்த எழுத்துக்கு மதிப்பில்லை.

1923ஆம் ஆண்டுச் சட்டம் 2025 நவம்பர் 21இல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. அதற்கு முன் நடந்த விபத்துகளுக்குப் பழைய சட்டத்தின் கணக்குத்தான். புதிய தொகுப்பிலும் 50, 60 சதவீத வாய்ப்பாடும், ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும் விதியும் இருக்கின்றன. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில், வேலையைச் சார்ந்து நேரும் விபத்தும் இப்போது கணக்கில் வருகிறது.

மனுப் போட இரண்டு வருடம் அவகாசம். ஊருக்குத் திரும்பி விட்டவர்கள் இதற்காக மைசூருக்கு வந்து அலைய வேண்டும் என்பதில்லை. விபத்து நடந்த இடம் மைசூர் ஆனாலும், தாம் குடியிருக்கும் சேலத்திலோ தர்மபுரியிலோ உள்ள கமிஷனரிடமே மனுக் கொடுக்கலாம். சம்பளச் சீட்டு இல்லாவிட்டால் பாங்குப் பாஸ் புத்தகம், ஆஸ்பத்திரிச் சீட்டு, உடன் வேலை செய்த இரண்டு பேர் பெயர், இவை போதும் ஆரம்பிக்க. அந்த ஸ்டாம்புப் பேப்பரில் ஒரு நகல் கேட்டு வாங்கி வைத்திருந்தால், அதையும் சேர்த்துக் கொடுக்கலாம்.